ஏந்திக்கொள்கிற படகு

போன மாதம் பட்டறைக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி, டீ குடிக்கிற இடைவேளையில் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், படகு மிதக்கணும், கவிழக்கூடாது, நேராப் போகணும். இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு. அழகுக்கு என்ன கணக்கு? அது எதுக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன்ம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு யோசிக்க நேரத்துக்கா பஞ்சம்? ஆனாலும் பதில் மட்டும் வரவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டு உங்களில் யாருக்காவது பதில் தோன்றினால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் சேர்ந்தபோது நம் பட்டறையில் படகே கிடையாது. நத்தம் சாலையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஃபைபர் தண்ணீர்த் தொட்டியும் குளியலறைக் கதவும்தான் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு மலை மேல் ஏரியில் மிதிபடகு விடுகிற ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். திண்டுக்கல்லில் கடல் இல்லை, ஆறு என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் தொட்டி செய்கிறவனுக்குப் படகு செய்வது எளிதுதான் என்றார் நம் முதலாளி. "தொட்டிக்குத் தண்ணி உள்ள. படகுக்குத் தண்ணி வெளிய. அம்புட்டுத்தானம்மா" என்றார்.

அந்த ஒப்பந்தக்காரர் அன்னம் வேண்டும் என்றார். கழுத்து நீண்ட அன்னம். அந்தக் கழுத்தில் காற்று மோதினால் படகு பக்கவாட்டில் இழுபடும் என்று வரைந்தே காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. கழுத்தில்லாத சாதாரணப் படகுகள் சிலவற்றையும் சேர்த்துச் செய்து அனுப்பினோம். அன்னத்துக்கு வரிசை நின்றது. நான் பார்த்துப் பார்த்து வரைந்த சாதாரணப் படகில் காக்கை உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு என் மனதில் ஒரு முடிவு விழுந்தது: அழகு என்பது கடைசியில் ஒட்டுகிற கழுத்து. விற்பதற்கு அது வேண்டும், படகுக்கு வேண்டாம். வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது அணைப் படகு.

பழனிப் பக்கத்தில் மலையடிவாரத்து அணை ஒன்று. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் இருந்தன. ஆயக்குடிச் சந்தைக்குக் கொய்யா கொண்டுபோக வேண்டுமென்றால் காட்டு வழியாகச் சுற்றி வர வேண்டும். யானை நடமாட்டம் வேறு. அதனால் பரிசலில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பரிசல் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் செய்தி வெளியே போய், ஒரு அறக்கட்டளை படகு வாங்கித் தர முன்வந்தது. கவிழாத படகாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் போட்ட நிபந்தனை.

கவிழக்கூடாது என்றால் கேட்டமரான்தான். ஒல்லியான இரண்டு உடல்களைத் தள்ளித் தள்ளி இணையாக வைத்து, மேலே குறுக்காக ஒரு தளம் போடுகிற படகு. ஒருவன் கால்களை அகட்டி நின்றால் அவனைத் தள்ளுவது கடினம் இல்லையா, அதுபோல. கட்டுமரம் என்ற நம் சொல்தான் வெளிநாடு போய் அப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அக்கரைக்காரர்களிடம் போய், "உங்களுக்குக் கட்டுமரம் செஞ்சு தாரோம்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் மிரண்டுபோனார்கள். நாலு மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலில் போவார்களே, அதில் கொய்யாக் கூடையோடு எப்படி உட்காருவது என்று பதறிக்கொண்டு ஃபோன் வந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

செய்தோம். சிறுமலை அடிவாரத்துக் கண்மாய் நிறைந்திருந்தது. அங்கே இறக்கி, மணல் மூட்டை ஏற்றி, ஒரு ஓரமாக எல்லா மூட்டையையும் தள்ளிக்கூடப் பார்த்தோம். அசையவில்லை. ஃபைபர் அச்சு வேலையில் நம் பட்டறையிலேயே கைதேர்ந்த இருதயராஜ், தளத்தின் விளிம்பில் நின்று குதித்தே பார்த்தான். "அக்கா, இதைக் கவுக்கணும்னா கண்மாயத்தான் கவுக்கணும்" என்றான். எனக்குப் பெருமை. கழுத்து இல்லை, வளைவு இல்லை, வீண் எடை இல்லை. சாம்பல் நிறம். தட்டையான தளம், சுற்றிலும் குழாய்க் கம்பி, மேலே வெயிலுக்கு ஒரு கூரை. என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே நேர்மையான படகு அதுதான் என்று நினைத்தேன்.

அதில் யாரும் ஏறவில்லை.

கொடுத்துச் சில மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் பார்த்தது, கரையில் கட்டிக் கிடக்கும் நம் படகையும், பக்கத்திலேயே கொய்யாக் கூடைகளோடு கிளம்பிப் போகும் பரிசலையும்தான். கவிழ்ந்த அதே பரிசல். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எஞ்சின்ல கோளாறா?"

"இல்லை சார்."

"ஓட்டையா?"

"இல்லை சார்."

"அப்ப என்னதான் கோளாறு?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. இருதயராஜைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கரையில் பெண்கள் கூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நிறம் சாவு வீட்டு நிறம் என்றாள் ஒருத்தி. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை என்றார் ஒரு பெரியவர். முகம் இல்லாத வண்டியில் எப்படி ஏறுவது என்பது அவர் கேள்வி. இரண்டு உடலுக்கும் நடுவே தண்ணீர் ஓடுவது தளத்தின் பலகை இடுக்கு வழியாகத் தெரிகிறது, கால் கூசுகிறது என்றாள் தெய்வானை என்கிற பெண். நான் நோட்டம் விட்டேன். அவர்கள் இறங்கி வந்த பரிசலின் விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. அடியில் ஒட்டுப்போட்டிருந்தது. அது பயமில்லையாம். இது பயமாம்.

அந்தப் பெண்களுக்கு வள்ளியம்மாள் ஒரு தலைவி மாதிரி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், சந்தையில் கொய்யாவுக்கு விலை பேசுகிறவள் அவள்தான். நான் எரிச்சலை அடக்கிக்கொண்டு அவளிடம் கேட்டேன்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. பரிசல் கவிழ்ந்துச்சு. இது கவிழாது. அப்பறம் ஏன்?"

அவள் படகையும் பரிசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க மேடம், பரிசலு பயந்தானுங்க. இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா உள்ள உக்காந்தா கையில ஏந்திக்கிட்டாப்புல இருக்குமுங்க. இது..." என்று தன் உள்ளங்கையை விரித்துத் தட்டையாக நீட்டினாள். "இது எங்களைத் தட்டுல வெச்சுத் தண்ணிக்கு நீட்டுறாப்புல இருக்குதுங்க."

திரும்புகிற வழியெல்லாம் இருதயராஜ் அந்தப் பெண்களைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். வள்ளியம்மாள் சொன்னது கணக்குப்படி தவறு. ஆனால் நான் அந்தப் படகில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். தட்டில் இருப்பதுபோலத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பட்டறையில் ஒரு வேலை செய்தேன். அதைப் பார்த்து எல்லாரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். தளத்தின் அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, உள்ளே நாற்காலிகளை அடுக்கி, சுற்றிலும் தெர்மோகோல் அட்டைகளை நிறுத்தினேன். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம் என்று மாற்றி மாற்றி நிறுத்தி, நம் ஆட்களை உள்ளே உட்காரவைத்துக் கேட்டேன். கணக்குப் பார்க்கிற சாந்தி, அட்டை நெஞ்சுயரம் வந்து, மேல்விளிம்பு லேசாக உள்நோக்கி வளைந்தபோது, "இப்பத் தூக்கம் வருதுக்கா" என்றாள். அந்த அளவைக் குறித்துக்கொண்டேன்.

முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மிதக்குற சாமானுக்கு எதுக்கும்மா மேக்கப்பு?"

"தெரியலை சார். ஆனா வேணும்போல இருக்கு."

படகைத் திரும்பக் கொண்டுவந்தோம். பலகை இடுக்கை அடைத்துத் தளத்தை முழுசாக மூடினோம். அடியில் பழுது பார்ப்பதற்காக நடுவில் மட்டும் ஒரு சதுர மூடி வைத்தேன். அதுவும் தளத்தோடு தளமாகத் தெரியாதபடி. பக்கச் சுவரை நெஞ்சுயரம் எழுப்பி உள்நோக்கி வளைத்தேன். விளிம்பை நேர்கோடாக விடாமல், நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் உயர்கிற ஒரே வளைவாக இழுத்தேன். அந்த ஒரு கோட்டுக்கு எத்தனை தாள் கிழித்தேன் என்று இருதயராஜைக் கேளுங்கள். முன்பக்கம் இரண்டு உடலையும் ஒரு அகன்ற வளைவால் சேர்த்து முகம் கொடுத்தேன். அதன் மேல் நாலு பேர் நின்று தண்ணீரைப் பார்க்கிற மாதிரி ஒரு மேடை அமைந்தது. நிறத்துக்கு சாந்தி கட்டியிருந்த சின்னாளப்பட்டிச் சேலையைப் பார்த்தேன். அரக்கு உடல், அடியோரம் மஞ்சள் கரை. அதையே அடிக்கச் சொன்னேன். கூடுதல் எடையை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டேன், அதில் குறை இல்லை. இருபது பேருக்கான படகு, இருபது பேருக்கே இருந்தது.

வேலை முடிந்து அதைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்த அன்று, சாலையில் போன ஒரு நகரப் பேருந்து வேகம் குறைத்து நின்று பார்த்துவிட்டுப் போனது. முதலாளி செல்ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்.

அணையில் இறக்கியபோது முதலில் ஏறியவள் தெய்வானைதான். கால் கூசுகிறது என்றவள். உள்ளே உட்கார்ந்து, சுவரின் வளைவில் முதுகைச் சாய்த்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏறுங்க எல்லாரும்" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடியில் இருந்தது அதே இரண்டு உடல்கள். அதே எஞ்சின். முன்பும் பாதுகாப்பாகத்தான் இருந்தது. இப்போது பாதுகாப்பாகத் தெரிந்தது. ஆக, அழகு என்பது ஒட்டுகிற கழுத்தில்லை, படகு தன்னைப் பற்றிச் சொல்கிற உண்மை என்று முடிவுக்கு வந்தேன்.

இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருந்தால் உங்கள் கேள்விக்கு நல்ல பதிலாக இருந்திருக்கும்.

தைப்பூசம் வந்தது. பழனிக்குப் போகிறவர்கள் அக்கரையில் கூடியிருந்தார்கள். அக்கரை ஊர்க்காரர்கள், அவர்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள், மஞ்சளும் பச்சையுமாக வேட்டி சேலை. அறக்கட்டளைக்காரர்கள் வீடியோ எடுக்க வந்திருந்தார்கள். அதற்காகத்தான் நானும் முதலாளியும் முதல் நடையில் அக்கரைக்குப் போய்க் காத்திருந்தோம்.

படகு கரையோடு கட்டியிருந்தது. ஜனங்கள் ஏறினார்கள். ஏறிக்கொண்டே இருந்தார்கள். பரிசலில் ஏழெட்டுப் பேர் ஏறியதும் மற்றவர்கள் தாமாகவே நின்றுவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே பயம் வரும். இதில் அந்தப் பயம் எங்கே வரும்? சுவர் நெஞ்சுயரம் ஏந்தி நிற்கிறது. கூட்டத்துக்குள் நின்றால் தண்ணீரே கண்ணில் படாது. போதாததற்கு, முன்பக்கத்து மேடையில் நிற்க எல்லாருக்கும் ஆசை. நாலு பேர் நிற்கலாம் என்று நான் நினைத்த இடத்தில் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது. கேட்டமரானுக்குப் பக்கவாட்டில் பயமில்லை. முன்மூக்கு ஒல்லி, அங்கே பாரம் சேர்ந்தால் மூக்கு குத்தும். அது எனக்குத் தெரியும். அவர்களை அந்த இடத்துக்கு அழைத்ததும் நான் போட்ட வளைவுதான்.

கரையிலிருந்து பார்த்தேன். படகின் மஞ்சள் கரை முன்பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போதும் அழகாகத்தான் இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. முங்கப் போகிற படகு முங்கப் போகிற மாதிரி தெரியவே இல்லை.

"சார், ஆளுங்களை இறக்கணும்" என்றேன்.

"சத்தம் போடாதம்மா, கேமரா ஓடுது" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படகைப் பார்த்தார். அவர் முகமும் மாறியது. "கத்தவா?" என்றார்.

"வேணாம் சார். கத்துனா எல்லாரும் ஒரே பக்கமாப் பாய்வாங்க. நீங்க படகோட்டிகிட்ட மட்டும் சொல்லுங்க, கயித்த அவுக்கக் கூடாது."

நான் பின்பக்கமாக ஏறினேன். "தள்ளிக்கங்க, தள்ளிக்கங்க" என்று நடுவுக்குப் போனேன். "இறங்குங்க, ஆள் கூடிப்போச்சு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இம்மாம் பெரிய படகுங்க, இதுக்கென்னங்க" என்றார். இன்னொருவரிடம் சொன்னேன். அவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். நான் இடம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

வள்ளியம்மாள் நடுவில் நின்றிருந்தாள். தெய்வானை அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசி அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு நேரம் இல்லை. குனிந்து, தளத்தோடு தளமாக நான் மறைத்து வைத்த அந்தச் சதுர மூடியை நகத்தால் நெம்பித் தூக்கினேன்.

அடியில் தண்ணீர் இருந்தது. சாதாரணமாக அந்த மூடியைத் திறந்து தோள்வரை கையை விட்டால்தான் தண்ணீர் விரலில் படும். அன்றைக்குத் தளத்தின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு அலை வந்து மூடி வழியாகத் ததும்பி எங்கள் பாதத்தை நனைத்தது.

"வள்ளியம்மா, இங்க பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் பார்த்தாள். அவள் அலறவில்லை. நிமிர்ந்து, சந்தையில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"ஏனுங்க, நடுவுல இருக்கறவங்க அப்படியே கீழ உக்காருங்க. முன்னால நிக்கறவங்க ஒவ்வொருத்தரா பின்னால வாங்க. அவசரமில்லீங்க. கரையோரம் இருக்கறவங்க மட்டும் இப்ப இறங்குங்க. ஒவ்வொருத்தரா."

முன்னாலிருந்து பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்தத் திறப்பைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. தாண்டும்போது உள்ளே பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேச்சில்லாமல் இறங்கினார்கள். மூக்கு மெல்ல மேலே எழுந்தது. மஞ்சள் கரை முழுசாகத் தெரிந்தது. நான் கரையில் போய் உட்கார்ந்தேன். முதலாளி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து நீட்டும்போதே பாதி என் மடியில் கொட்டியது.

நான் செய்தது சரி என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்து ஒரே ஒருவர் அலறியிருந்தாலும் போதும். வள்ளியம்மாளுக்குப் பதிலாக வேறு யாராவது அங்கே நின்றிருந்தால்? என் யோசனை நல்லதாக அமைந்ததா, நல்ல ஆள் பக்கத்தில் அமைந்ததா?

அதற்குப் பிறகு தெய்வானை அந்தப் படகில் ஏறவில்லை. பரிசலிலும் ஏறவில்லை. காட்டு வழியாகச் சுற்றிப்போகிற வேனில் கொய்யாவை அனுப்பினாள். சந்தைக்கு நேரங்கழித்துப் போனதால் பாதி அடிபட்டு, குழைந்து போனது. கொஞ்ச நாளில் வியாபாரத்தையே விட்டுவிட்டாள். அவளைப் போய்ப் பார்த்தேன். சமாதானம் சொன்னேன். ஆட்கள் அளவோடு ஏறினால் இந்தப் படகுபோல் பத்திரம் வேறு இல்லை என்றேன். "தெரியுமுங்க" என்றாள். "நீங்க மொதல்லயே எல்லாம் தெரியறாப்புல வெச்சிருந்தீங்க. நாங்கதான் வேண்டாம்னோம். அப்பறம் மூடி வெச்சீங்க, நம்புனோம். அப்பறம் நீங்களே தொறந்து காட்டுனீங்க. இப்ப எதை நம்பறதுன்னு தெரியலீங்க." மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பட்டறையில் பெரிய விவாதம். மறுபடி சுவரை இறக்கிவிடலாம் என்றார் முதலாளி. அப்படியானால் ஏற மாட்டார்கள் என்றேன். முன்மேடையை அடைத்துவிட்டோம், அதோடு முகம் கொஞ்சம் மழுங்கிப்போனது உண்மை. உடலின் வெளிப்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். கோடு முங்கினால் ஆள் ஏறக்கூடாது. எளிமையாக இருந்தது. எனக்குத் திருப்தி.

ஒரு வருடம் கழித்து எஞ்சின் வேலைக்காக இருதயராஜ் போய்விட்டு வந்து படம் காட்டினான். வெள்ளைக் கோட்டை ஒட்டி வரிசையாகப் பூ வரைந்திருந்தார்கள். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் கொடி ஓடியது. எச்சரிக்கைக்குப் போட்ட கோட்டைக் கோலமாக்கிவிட்டார்களே என்று படகோட்டிக்கு ஃபோன் போட்டேன்.

"வெறுங்கோடு இருந்தப்ப ஒருத்தரும் பாக்கலீங்க" என்றார் அவர். "பூ போட்ட பொறவு எல்லாரும் பாக்கறாங்க. பூ முங்குனா ஏற மாட்டேங்கறாங்க."

"எந்தப் பூ? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

"அதுலதானுங்க எனக்கும் வள்ளியக்காவுக்கும் சண்டை" என்றார்.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். அழகில்லாத படகில் யாரும் ஏறவில்லை. அழகான படகில் அளவுக்கு மீறி ஏறினார்கள். எச்சரிக்கையை வெறுமையாக எழுதினால் யாரும் படிக்கவில்லை. அழகாக எழுதினால் எல்லாரும் படித்தார்கள், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்பதில் சண்டை. இதிலிருந்து ஒரு விதியை எடுத்து உங்களிடம் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு விதியையும் அடுத்த வரி அடித்துவிடுகிறது. நீங்கள் வரைகிற வளைவு ஆட்களை எங்கே உட்காரவைக்கும், எங்கே நிற்கவைக்கும், எதை மறக்கவைக்கும் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எனக்குத் துணிச்சல் இல்லை.

கேள்வி கேட்ட பெண்ணே, உன் கேள்விக்குப் பிறகு, போன வாரம் அணைக்குப் போனேன். யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் போனேன். காலை நேரம். படகு புறப்படத் தயாராக இருந்தது. ஆட்கள் அளவோடுதான் இருந்தார்கள். கோடும் பூவும் இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிந்தன. வள்ளியம்மாள் தலை நரைத்து, காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், வாங்க. எடமிருக்குதுங்க" என்று கையை நீட்டினாள்.

என் கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. என் கால்தான் எழவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஏறினேன். சுவரின் வளைவில் முதுகைச் சாய்த்தேன். நான் தேடிப்பிடித்த அளவுதான், முதுகு அப்படியே பொருந்தியது. ஆனாலும் அக்கரை வரும்வரை கூரைக் கம்பியை விடவில்லை. மலையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

இறங்கியதும் வள்ளியம்மாள் கேட்டாள். "எப்படிங்க இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு வள்ளியம்மா."

அவள் சிரித்தாள். "எங்களுக்குந்தானுங்க. தெனமும்" என்றாள். பிறகு நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, திரும்பிப் போகிற படகைப் பார்த்தாள்.

"ஆனா பாருங்க, எம்புட்டு அழகாப் போகுது."